தேயிலையின் கொடிவழி

திம்புள்ளப் பகுதியின் மலைச்சரிவுகளில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலையே பரந்து கிடக்கின்றது. ஆயினும் அச்சரிவுகளில் நின்ற காடு முதன்முதல் வெட்டப்பட்டது தேயிலைக்காக அன்று, காப்பிக்காகவே. 1869 ஆம் ஆண்டில் இலங்கையிற் காப்பியிலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் துகள் தோன்றிற்று. துருநோய் எனப்பட்ட அப்பூஞ்சண நோய் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுள் காப்பித் தொழிலை அழித்தொழித்தது. காப்பி நின்ற இடத்தைச் சிலகாலம் சிங்கோனாவும், பின்னர்த் தேயிலையும் பெற்றன. அதே மண், அதே மழை, அதே பனி; எனினும் காப்பியைக் கொன்ற பூஞ்சணம் தேயிலையைத் தீண்டவில்லை. இதன் காரணத்தை ஆராயப் புகுவோர்க்கு உயிர்களின் கொடிவழியை, அஃதாவது கூர்ப்பு மரத்தை, வாசிக்கும் முறை பெரிதும் உதவும்.

துருநோய் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1859 இல், சார்ள்ஸ் டார்வின் இனங்களின் தோற்றம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அந்நூலில் உள்ள படம் ஒன்றே ஒன்று. கீழே சில கோடுகள் தொடங்கி, மேலே செல்லச் செல்லப் பிரிந்து கிளைக்கும் வரைபடம் அது. ஒரு குடும்பத்தின் கொடிவழியைப் போன்றே அதனையும் வாசித்தல் வேண்டும். உடன்பிறந்தார் இருவர்க்கும் பொதுவானவர் தந்தை. பெரியப்பன் மகனுக்கும் சித்தப்பன் மகனுக்கும் பொதுவானவர் பாட்டன். பொது முன்னோர் எத்துணை அண்மைக் காலத்தவரோ அத்துணை நெருங்கியது உறவு. கூர்ப்பு மரத்திற் கிளை பிரியும் ஒவ்வொரு கணுவும் அத்தகைய பொது முன்னோர் ஒருவரையே குறிக்கின்றது. நுனிகளில் நிற்பவை இன்று வாழும் இனங்கள்.

இங்கு இரு பிழைகளை விலக்குதல் நன்று. நுனிகள் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதனாலேயே அவை நெருங்கிய உறவினவென்று கொள்ளலாகாது. கணுவிற் கிளைகளைத் திருப்பி, இடப்பக்கத்ததை வலப்பக்கம் வைப்பினும் உறவு மாறாது. நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சென்று, இரு கோடுகளும் எக்கணுவிற் சந்திக்கின்றன என்று காண்பதே முறை. மற்றையது, இன்று வாழும் ஓரினத்தை இன்று வாழும் பிறிதோரினத்தின் மூதாதையென எண்ணுதல். சித்தப்பன் மகன் ஒருவனுக்குப் பாட்டனாதல் எவ்வாறு இயலாதோ அவ்வாறே இதுவும் இயலாது.

இம்முறையால் தோட்டத்துச் செடிகளை நோக்குவாம். காப்பியும் சிங்கோனாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோயிற் பூந்தோட்டத்து வெட்சியும், வேலியோரத்து நுணாவும் அக்குடும்பத்தினவே. தேயிலையோ வேறொரு கிளையினது. காப்பிக் கோடும் தேயிலைக் கோடும் சந்திக்கும் கணு ஏறக்குறையப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒரே சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பட்டமையால் அவை உறவினவாகிவிடா.

பெயரும் தோற்றமும் உறவை மறைப்பதுண்டு. ஹோட்டன் சமவெளியிற் செந்நிறப் பூக்களைத் தாங்கி நிற்கும் மரமொன்றுளது. சிங்களத்தில் மகா ரத்மல் எனவும், தமிழிற் காட்டுப்பூவரசு எனவும் அதனை வழங்குவர். பெயரளவிற் பூவரசாயினும், பருத்திக்கும் செவ்வரத்தைக்கும் உறவான பூவரசுக்கு அது மிகத் தூரத்தது. தேயிலைக் குடும்பம் அடங்கிய குடும்பத் தொகுதியிலேயே அதற்கு இடம். இலுப்பை, மகிழ், கருங்காலி, காசித்தும்பை ஆகியனவும் அத்தொகுதியினவே. தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியா மரத்தைச் 'சில்வர் ஓக்' என்பர். அஃது ஓக் மரத்துக்கு நெருங்கிய உறவினது அன்று. அதன் நெருங்கிய உறவுகளுள் ஒன்று தாமரை! நீரில் அருகருகே மலரும் தாமரையும் ஆம்பலுமோ வெகுதொலைவிற் பிரிந்த கிளைகளைச் சேர்ந்தவை.

இத்தகைய உறவுகளைப் பூவும் காயும் மட்டும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒத்த சூழலில் வாழ்வன ஒத்த வடிவைத் தனித்தனியே பெறுதல் கூடும். ஆதலின் இக்காலத்து ஆய்வாளர் மரபணுக்களின் எழுத்தொழுங்கை ஒப்பிடுகின்றனர். முன்னோர் ஒருவரிடம் நேர்ந்த மாற்றம் அவர் வழித்தோன்றல்களிடம் தொடர்தலால், பகிர்ந்துகொண்ட மாற்றங்கள் கிளைகளைக் காட்டுகின்றன. 1998 இல் தாவரவியலாளர் குழுவொன்று பூக்குந் தாவரங்களை இவ்வடிப்படையில் வகுத்து வெளியிட்டது. பின்னரும் அது திருத்தப்பட்டு வந்துள்ளது. புதிய சான்று கிடைக்குமிடத்துத் திருத்தமடைதல் கூர்ப்பு மரத்தின் இயல்பாகும்.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. 1946 இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கிற்று. அதனை உண்டாக்கும் பூஞ்சணத்தின் இனத்தவை காட்டுப்பூவரசின் உறவான செடிகளையும், தேயிலையின் உடன்கிளையான கமேலியாச் செடிகளையும் பற்றுவன. உறவினர் வீட்டு வாசலை அறிந்த விருந்தாளியைப் போல நோயும் பெரும்பாலும் ஒரு கிளைவழியே பரவும். ஆனால் இஃது உறுதியான விதியன்று. துருநோய் காப்பியை அழித்ததேயன்றி, அதன் உறவான சிங்கோனாவை அழிக்கவில்லை. சிங்கோனாவை வீழ்த்தியது விலை வீழ்ச்சியே. அதுபோலக் காப்பிக்குள்ளும் அரபிக்கா இனம் துருநோய்க்கு எளிதில் இரையாக, ரொபஸ்டா இனம் பெரும்பாலும் அதனைத் தாங்கி நிற்கின்றது. அடுத்த கிளையிலிருக்கும் அவ்வலிமையைக் கலப்பின் மூலம் அரபிக்காவுக்கு ஊட்டவும் ஆய்வாளர்க்கு இயன்றது. ஆகவே கூர்ப்பு மரம் அபாயம் எங்கிருந்து வரக்கூடும் என்பதையும், உதவியை எங்கே தேடலாம் என்பதையும் ஒருங்கே சுட்டுகின்றது.

தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. பழைய விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் தனிப்பிறவி. வி.பி. தேயிலையோ தெரிந்தெடுத்த தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்க்கப்படுவது. ஆயிரக்கணக்கான செடிகள் நிற்பினும் கொடிவழியில் அவை யாவும் ஒரே நுனி. விளைச்சல் மிகுதியாயினும், ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தக்கூடும். ஆதலாலேயே பல்வேறு வழித்தோன்றல்களைக் கலந்து நடுதலும், பழைய விதைத் தேயிலையைப் பேணுதலும் அறிவுடைமையாகும். காப்பி வீழ்ந்தபோது மலைநாட்டிற் பிழைப்பிழந்தோர் பலர். இன்று அச்சரிவுகளிற் கொழுந்து பறிப்போரின் வாழ்வு தேயிலையின் கொடிவழியோடு பிணைந்து கிடக்கின்றது என்பதனை மாணவர் உணர்வாராக.