பணக் கவலை இல்லாவிட்டால்?

"மாதம் பிறந்தால் வீட்டுக்காரர், பால்காரன், மளிகைக் கடைக்காரர் என்று மூன்று பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள். இந்தத் தொல்லை மட்டும் இல்லாதிருந்தால் நான் எத்தனையோ காரியங்கள் சாதித்திருப்பேன்!" இப்படிச் சொல்லாத குடும்பஸ்தர் நம்மில் யார்? ஒருவர் வீணை கற்றிருப்பாராம். மற்றொருவர் காசி ராமேசுவரம் யாத்திரை போய் வந்து புத்தகம் எழுதியிருப்பாராம். பணம் என்ற ஒரே தடைதான் குறுக்கே நிற்கிறது. அது விலகினால் வாழ்க்கைக்கு ஒரு லட்சியமும் ஊக்கமும் தாமாகவே வந்து சேரும் என்பது நம்முடைய திடமான நம்பிக்கை.

ஆனால் பணக் கவலை நீங்கியவர்கள் நம் தெருவில் இல்லாமலா இருக்கிறார்கள்? பென்ஷன் ஒழுங்காக வருகிறது; பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள்; பெண்களுக்கு விவாகமும் ஆகிவிட்டது. காலைப் பத்திரிகையை விளம்பரம் உட்பட இரண்டு தடவை வாசித்து முடித்துவிட்டு, இன்னும் மணி ஒன்பதுதானா என்று கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கும் பெரியவரை நேயர்கள் அறிவார்கள். முப்பது வருஷம் ஓய்வுக்காக ஏங்கியவர் அவர். ஓய்வு வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடுகிறார்.

இதைப் பற்றித் தர்க்கம் செய்வதைவிட, உண்மையில் நடந்த ஒரு குடும்பக் கதையைப் பார்ப்பது நலம். சாஸ்திரிகள் தங்கள் பரிசோதனைச் சாலையில் செய்வதுபோல், விதி இங்கே ஒரே செல்வத்தை இருவருக்குக் கொடுத்துப் பார்த்தது. மூன்றாமவர் ஒருவருக்கு ஒன்றுமே கொடுக்காமலும் பார்த்தது.

ஒரு தகப்பனார், இரு பிள்ளைகள்

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் ராபர்ட் டார்வின் என்ற வைத்தியர் இருந்தார். கை ராசிக்காரர்; பணத்தைப் பெருக்குவதிலும் சமர்த்தர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் எராஸ்மஸ், 1804-ல் பிறந்தவர். இளையவர் சார்லஸ், 1809-ல் பிறந்தவர்.

சிறு பிராயத்தில் ரஸாயன சாஸ்திரத்தில் பித்துக் கொண்டவர் மூத்தவர்தான். தோட்டத்தில் கருவிகள் வைக்கும் கொட்டகையையே பரிசோதனைச் சாலையாக மாற்றினார். தம்பி அவருக்கு எடுபிடி. பள்ளிக்கூடத்துப் பையன்கள் தம்பிக்கு 'காஸ்' என்று பட்டப் பெயர் சூட்டினார்கள். வீண் காரியத்தில் பொழுது போக்குகிறான் என்று தலைமை ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டாராம். நம் ஆசிரியர் குலத்தின் தீர்க்க தரிசனம் சில சமயங்களில் இப்படியும் அமைந்துவிடுகிறது!

மூத்தவர் வைத்தியம் படித்துத் தேறினார். ஆனால் தொழில் நடத்தவில்லை. அவர் தேகம் அந்த உழைப்பைத் தாங்காது என்று கருதித் தகப்பனார் அவருக்கு வேண்டிய பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். லண்டனில் வீடு, நல்ல புத்தகங்கள், அறிஞர்கள் வந்து விருந்துண்ணும் மேஜை, தம்பியின் குழந்தைகளிடம் அளவற்ற பிரியம். அவரைக் குறை கூறுவார் இல்லை. ஆயினும் கொட்டகையில் கண்ணாடிக் குடுவைகளுடன் இரவில் கண் விழித்த அந்தச் சிறுவன் பிறகு என்ன ஆனான் என்று கேட்டால், சொல்வதற்கு அதிகமில்லை.

இளையவரை 1825-ல் எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த ரண சிகிச்சையைக் காணச் சகியாமல் அவர் வெளியே ஓடினார். மற்றொரு காரணத்தையும் அவரே தம் வரலாற்றில் மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். காலட்சேபத்துக்குப் போதுமான சொத்தைத் தகப்பனார் வைத்துவிட்டுப் போவார் என்று தெரிந்ததும், வைத்தியத்தைப் பிரயாசைப்பட்டுக் கற்கும் எண்ணமே மடிந்துவிட்டதாம். ஆகவே பணக் கவலை நீங்கியதன் முதற் பலன் லட்சியம் அன்று, சோம்பல்தான்! வேட்டை, நாய், எலி பிடித்தல் இவற்றைத் தவிர வேறொன்றிலும் கருத்தில்லாத இவன் குடும்பத்துக்கே அவமானமாக முடிவான் என்று தகப்பனார் மனம் நொந்தார்.

வண்டும் கப்பலும்

பின் எது அவரைத் திருப்பியது? பெரிய உபதேசம் ஒன்றுமில்லை. ஒரு வண்டு!

பாதிரியார் ஆவதற்கென்று கேம்பிரிட்ஜில் படித்தபோது அவருக்கு வண்டு சேகரிக்கும் பைத்தியம் பிடித்தது. ஒரு நாள் மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகள் கிடைத்தன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். உடனே மூன்றாவது ஒன்று தென்பட்டது. விட மனமில்லை. வலக்கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார்! அது கக்கிய காரமான திரவம் நாக்கைச் சுடவே, துப்பிவிட நேர்ந்தது. மூன்றாவது வண்டும் போயிற்று. இந்தப் பைத்தியத்தைக் கண்டு மெச்சிய பேராசிரியர் ஹென்ஸ்லோதான், 1831-ல் 'பீகிள்' என்ற கப்பலில் செல்லும் வாய்ப்பைத் தெரிவித்தார். சம்பளம் கிடையாது. தகப்பனார் மறுத்தார்; மாமா ஜோசையா வெட்ஜ்வுட் பரிந்து பேசிய பிறகே இணங்கினார். சார்லஸ் ஐந்து வருஷம் கடலில் சுற்றினார்; சதா வாந்தியும் மயக்கமும் வருத்தின. 1836-ல் திரும்பியபோது அவர் பழைய சார்லஸ் அல்லர். விடை தெரியாத கேள்வி ஒன்று அவர் நெஞ்சில் குடியேறிவிட்டது. ஜீவராசிகள் இத்தனை வகைகளாக எவ்வாறு பிரிந்தன என்பதே அந்தக் கேள்வி.

லட்சியத்தை அவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அற்பமென்று பிறர் நகைத்த ஒன்றை விடாமல் பற்றினார்; அது அவரைப் பெரிய ஒன்றிடம் இட்டுச் சென்றது.

தாமே பூட்டிக்கொண்ட விலங்கு

1842-ல் அவர் லண்டனுக்குத் தெற்கே கெண்ட் மாகாணத்தில் குடியேறினார். ஊரின் பெயர் டவுன். ஆனால் அது ஒரு கிராமம். இனி உத்தியோகம் வேண்டாம், எஜமானன் இல்லை, கடன்காரன் இல்லை. நாள் முழுவதும் தூங்கினாலும் கேட்பாரில்லை.

அப்படிப்பட்டவர் தமக்குத் தாமே எஜமானரானார். காலை எட்டு மணிக்கு வேலைக்கு உட்காருவார். ஒன்பதரைக்கு எழுந்து கடிதங்களைக் கேட்பார். மறுபடி பத்தரை முதல் பன்னிரண்டு வரையில் வேலை. பிறகு தோட்டத்து மணற்பாதையில் நடை. எத்தனை சுற்று என்று மறவாதிருக்கக் கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளிவிடுவார். வேலை நேரம் நாளொன்றுக்கு நாலைந்து மணிக்குமேல் இராது. இன்னதென்று கடைசிவரை விளங்காத வியாதி ஒன்று அவரை வாட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் உடம்பு இடங்கொடுக்கவில்லை. ஆனால் அந்த நாலைந்து மணி நாற்பது வருஷம் நடந்தது.

கடற்பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டி வாழும் ஓட்டுப் பிராணி ஒன்று உண்டு; பார்னக்கிள் என்பார்கள். அதில் ஒரே ஒரு வகையை வர்ணிக்கலாமென்று 1846-ல் தொடங்கினார். முடிந்தது 1854-ல்! எட்டு வருஷம். தகப்பனார் தினமும் இந்தப் பிராணிகளை அறுத்துப் பார்ப்பதையே கண்டு வளர்ந்த குழந்தை ஒன்று, அயல்வீட்டுக்காரரைப் பற்றி, "அவர் எங்கே உட்கார்ந்து பார்னக்கிள் பார்ப்பார்?" என்று கேட்டதாம். உலகத்துத் தகப்பன்மார் அனைவருக்கும் அதுவே தொழில் என்று அது நினைத்துவிட்டது.

அந்த எட்டு வருஷத்துக்குள்தான் 1851-ல் பத்து வயது மகள் ஆனி மாண்டுபோனாள். அவளைப் பிழைக்க வைக்கச் செல்வத்தால் முடியவில்லை. அந்தத் துக்கம் அவரை விட்டு நீங்கவேயில்லை. ஆனால் பாதியில் நின்ற வேலை மேஜைமீது காத்திருந்தது. அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

பணமில்லாத மூன்றாமவர்

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1823-ல் பிறந்தார். குடும்பத்தின் வறுமையால் பதினான்கு வயதிற்குள் படிப்பு நின்றது. நிலம் அளக்கப் போனார். பிறகு லெஸ்டர் நகரில் பள்ளி உபாத்தியாயர் ஆனார். அங்கே ஹென்றி பேட்ஸ் என்ற நண்பர் அவருக்கு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் இருந்தவை என்ன? வண்டுகள்தாம்!

1848-ல் இருவரும் அமெஸான் காட்டுக்குப் புறப்பட்டார்கள். பிராணிகளைப் பிடித்துப் பதனம் செய்து லண்டனுக்கு அனுப்பி விற்பது. அந்தக் காசில் சாப்பிட்டுக்கொண்டு ஆராய்வது. 1852-ல் திரும்பும் வழியில் வாலஸ் வந்த கப்பல் தீப்பற்றி எரிந்தது. உடன் கொண்டுவந்த சேகரம் சாம்பலாயிற்று. பத்து நாள் படகில் தத்தளித்து உயிர் தப்பினார். இரண்டே வருஷத்தில் மறுபடி கிளம்பி, மலேயாத் தீவுகளில் எட்டு வருஷம் அலைந்து, சுமார் 1,25,000 பிராணிகளைச் சேகரித்தார். 1858-ல் அங்கே ஜுரத்தில் கிடந்தபோது, சார்லஸ் இருபது வருஷமாக மனத்தில் வைத்திருந்த அதே விடை அவருக்கும் உதித்தது. எழுதி யாருக்கு அனுப்பினார்? டார்வினுக்கே! அவ்வருஷம் ஜூலை 1-ந் தேதி இருவர் கருத்தும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒருங்கே வாசிக்கப்பட்டன. அடுத்த வருஷம் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது.

அப்படியானால் பணம் வேண்டியதே இல்லையா? அவ்வாறு சொல்வது வயிறு நிறைந்தவரின் வேதாந்தம். இருபது வருஷம் நிதானமாக ஆதாரம் திரட்டும் அவகாசத்தை டார்வினுக்கு அளித்தது பணமே. வாலஸோ ஊர் திரும்பிய பின், சேர்த்த பொருளைத் தவறான இடங்களில் போட்டு இழந்தார். நிலையான உத்தியோகம் கிட்டவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்திக் காலம் தள்ளினார். அந்த வேலையின் சுகம் நமக்கு நன்றாகவே தெரியும்! எத்தனை வாலஸ்கள் கப்பல் ஏறாமலே கணக்குப் புத்தகத்தின் அடியில் புதைந்துபோயிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. பணம் பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றும். ஆனால் எங்கே போவதென்று அது சொல்லாது.

1881-ம் வருஷத்தில் மூவர் கதையும் ஒன்றுகூடுகிறது. டார்வினும் நண்பர்களும் செய்த முயற்சியால் வாலஸுக்கு வருஷத்துக்கு 200 பவுன் அரசாங்க உதவி கிடைத்தது. எராஸ்மஸ் காலமானார்; தம்பி கண்ணீருடன் அவரை டவுன் கிராமத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். அதே வருஷம், எழுபத்திரண்டு வயதான சார்லஸ் தம் கடைசிப் புத்தகத்தை வெளியிட்டார். உலகப் புகழ் பெற்றவர் எடுத்துக்கொண்ட விஷயம் என்ன? மண்புழு!

1842-ல் தம் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணாம்புக் கல் துண்டுகளைப் பரப்பச் செய்திருந்தார். இருபத்தொன்பது வருஷம் காத்திருந்து, 1871-ல் பள்ளம் வெட்டிப் பார்த்தார். புழுக்கள் மேலே கொணர்ந்து போட்ட மண்ணால் அந்தத் துண்டுகள் ஏழு அங்குல ஆழத்தில் புதைந்திருந்தன. புழுவுக்குக் காது கேட்குமா என்றறிய வீட்டில் பியானோ வாசித்தார்கள். பிள்ளை பஸ்ஸூன் என்ற குழல் வாத்தியத்தை ஊதினார். சங்கீதத்தைப் புழுக்கள் லட்சியம் செய்யவில்லையாம்!

நமக்கு என்ன?

நாம் யாரும் டார்வின் ஆகப் போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் அவரை நாற்பது வருஷம் படுக்கையிலிருந்து எழுப்பியவை எவை என்று பார்த்தால், எந்த வீட்டிலும் அமையக்கூடிய மூன்றுதான். தனக்கு வெளியே உள்ள ஒரு பொருளைப் பற்றிய சிறு கேள்வி, தானே விதித்துக்கொண்ட நேர ஒழுங்கு, 'என்ன ஆயிற்று?' என்று விசாரிக்கும் சில மனிதர்கள். அவரைச் சார்ந்த கடிதங்களில் இன்று அறியப்பட்டவை மட்டும் சுமார் 15,000. புறா வளர்ப்போரையும் தோட்டக்காரரையும் அவர் கேள்வி கேட்டுத் துளைத்திருக்கிறார். தனிமையில் அமர்ந்தவர்தான், ஆனால் அவர் தனித்திருக்கவில்லை.

இவை பென்ஷன் உத்தரவோடு சேர்ந்து வருபவை அல்ல. ஐம்பத்தெட்டு வயது வரையில் கிணறு வெட்டாதவருக்கு ஐம்பத்தொன்பதில் தண்ணீர் எங்கிருந்து ஊறும்? ஆதலால் பணக் கவலை நீங்கட்டும் என்று காத்திராமல், அது இருக்கும்போதே நாள்தோறும் அரை மணியை ஒதுக்கிவைப்பது விவேகம். ஊர்க் கோயில் கல்வெட்டை எழுதிவைக்கலாம். பாட்டிக்குத் தெரிந்த தாலாட்டுக்களைச் சேகரிக்கலாம். கொல்லை மரத்துக்கு வரும் பறவைகளுக்குக் கணக்கு வைக்கலாம். அடுப்படியை விட்டு அசையாத நம் பெண்மணிகளுக்கு அந்த அரை மணியை வீட்டார்தான் தேடிக் கொடுக்க வேண்டும், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

பெற்றோருக்கு இன்னும் ஒரு வார்த்தை. பையன் தீப்பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து வளர்க்கிறான். பரீட்சைக்கு உதவாத வேலை என்று அதைப் பிடுங்கித் தெருவில் எறிவதற்கு முன்னால், அரை நிமிஷம் உள்ளே எட்டிப் பாருங்கள். பிழைக்கும் வழியை அவனுக்கு நாம் கற்றுக் கொடுத்துவிடுவோம். பள்ளிக்கூடம் இருப்பதே அதற்குத்தான் என்றாகிவிட்டது. பிழைத்துக்கொண்ட பிறகு அவன் எதற்காக விடியற்காலையில் எழுந்திருப்பான் என்பது ஒருவேளை அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம்.