குழம்புக்குப் போக இருந்த செவலை!

"இதை இனிமே வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? ஞாயித்துக்கிழமை குழம்பு வெச்சுடலாம்."

என் மாமியார் இப்படிச் சொன்னபோது, செவலை கிணற்றடிச் சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. செவலை எங்கள் வீட்டு நாட்டுக்கோழி. அத்தை சொன்னதையும் தப்பென்று சொல்ல முடியாது. எட்டு நாளாக ஒரு முட்டை கிடையாது. இரை போட்டால் ஓடி வருவதில்லை. ஓலை சரசரத்தாலும் அலறிக்கொண்டு பறந்து சுவரில் மோதிக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் கூண்டுப் பக்கமே போகாமல், முருங்கைமரத்தில் ஏறிக்கொள்ளும்.

"கோழிக்குக்கூடவா மனசு, பயம் எல்லாம்?" என்று கேட்கத் தோன்றுகிறதா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேளுங்கள்.

காஞ்சிபுரம் பக்கம் ஏனாத்தூரில் எங்கள் வீடு. சுற்றி வயலும் பனைமரங்களும். புழக்கடையில் ஐந்து பெட்டைகள், ஒரு சேவல். பாப்பாவுக்குத் தினம் ஒரு முட்டை போக, மீதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவேன். யாரிடமும் கணக்குச் சொல்லாமல் நான் செலவழிக்கிற காசு அது ஒன்றுதான்!

அந்த ராத்திரி

மார்கழி மாதம். நடுநிசியில் கூண்டிலிருந்து ஒரே கூச்சல். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவர் ஓடினார். நீண்ட வாலும் கறுத்த முகமுமாக ஒரு மரநாய், வெளிச்சம் பட்டதும் பனைமரத்தில் சரசரவென்று ஏறி மறைந்தது. கூண்டின் அடிப்பலகை ஒன்று இற்றுப்போயிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அந்த வழியாகத்தான் புகுந்திருக்கிறது. இரண்டு பெட்டைகள் செத்துக் கிடந்தன. செவலையின் முதுகில் பல் பட்ட காயம். என் ஆறு வயதுப் பெண் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

செத்தவற்றைக் குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடினோம். மிருகம் கடித்துக் குதறியதைச் சமைக்கக் கூடாது. விடிந்ததும் செவலையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். பல் இறங்கிய காயம் மேலே சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும் என்பதால், டாக்டரம்மா சுத்தம் செய்து மருந்து போட்டார். பிறகு தினமும் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி மூன்றையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பூசினேன். ஈ மொய்த்துப் புழு வைக்காமல் பார்த்துக்கொண்டேன். ரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும் என்பதால், அவற்றின் கண்ணில் படும்படியே, ஆனால் தனிக் கூடையில், காயம் காயும்வரை வைத்திருந்தேன்.

காயம் ஆறியது. பயம் ஆறவில்லை!

டாக்டரம்மா கேட்ட கேள்வி

குழம்புப் பேச்சு வந்ததும் மறுபடி டாக்டரம்மாவிடம் போனேன். "இதுக்குப் புத்தி கலங்கிப் போச்சா டாக்டர்?" என்றேன்.

"கூண்டைச் சரி பண்ணிட்டீங்களா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. இற்ற பலகையைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தோம், அவ்வளவுதான்.

"அப்போ அதுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. அது பயப்படறது நியாயம்தானே?" என்றார் சிரித்துக்கொண்டே.

பிறகு விளக்கமாகச் சொன்னார். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது என்றே சொல்லலாம். அதன் மூதாதையான காட்டுக்கோழி ராத்திரி மரக்கிளையில்தான் உறங்கும். அதனால் உயரத்தில் இருந்தால்தான் நம் கோழிக்கும் நிம்மதி. ஆபத்தை அறிவிக்க அதனிடம் தனித்தனிக் குரல்களே உண்டாம். வானத்தில் பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் நாயோ பூனையோ வந்தால் வேறு குரல்! விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

முட்டை விஷயமும் அப்படித்தான். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் ஓடு கட்டுவதற்கே சுமார் 20 மணி நேரம். நடுவில் பெரிய அதிர்ச்சி வந்தால் முட்டை தங்கிப்போகும், ஓடு சொரசொரப்பாகும், சில சமயம் முட்டையிடுவதே நின்றுவிடும். இறகுகூடக் கொட்டலாம். கோழி வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

முதலில் கூண்டு, பிறகு கொஞ்சல்

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். அந்த வாரமே வேலை முடிந்தது. நாங்கள் செய்ததை அப்படியே தருகிறேன்:

கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் நட்டு வைத்தோம். இற்ற பலகைகளை மாற்றினோம். காற்று வரும் பக்கமெல்லாம் அரை அங்குலக் கண் உள்ள கெட்டிக் கம்பி வலை அடித்தோம். உங்கள் கூண்டு தரையோடு இருந்தால், வலையை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்துவிடுங்கள். கீரி தோண்டிக்கொண்டு வரும்.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. தாழ்ப்பாளும் அதற்கு ஒரு பூட்டும் போட்டோம். உள்ளே சாம்பலும் ரத்தக் கறையும் போகக் கழுவி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தோம். உட்கார இரண்டு அங்குல அகலத்தில் மழமழப்பான கட்டை ஒன்றைக் குறுக்கே கொடுத்தோம்.

விஷம் வைக்கலாம், கண்ணி வைக்கலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம்! மரநாயும் கீரியும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. நம் வயலில் எலியைப் பிடிப்பவையும் அவைதான். தவிர, விஷத்தை வீட்டுக் குழந்தை தொட்டுவிட்டால் என்ன ஆவது?

இந்த மாதிரிப் பிராணி மனிதர்களைக் கடித்தாலோ பிராண்டினாலோ, அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை அலட்சியம் செய்யக் கூடாது.

தினம் ஒரே மாதிரி

கூண்டு தயாரானதும் செவலையைத் துரத்திப் பிடிக்கவில்லை. இருட்டியபின், மரத்தில் தூங்கி வழிகிற நேரத்தில், சத்தமில்லாமல் இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்து எடுத்து, கூண்டுக் கட்டையில் மற்றவற்றின் நடுவே உட்கார வைத்தேன். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் தானாகவே உள்ளே போயிற்று!

இரை போடுவதும் அடைப்பதும் தினம் ஒரே நேரத்தில், ஒரே ஆள். 'பா... பா...' என்று ஒரே குரலில் கூப்பிடுவேன். நொய்யும் கேழ்வரகும் என் காலடியில் தூவிவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருப்பேன். குடிக்கிற தண்ணீரில் முதல் மூன்று நாள் மட்டும் கொஞ்சம் வெல்லம் கரைத்தேன். பகலில் பருந்துக்கு ஒதுங்க, ஒரு மூலையில் ஓலைத் தட்டி சாய்த்து வைத்தேன்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பாவமென்று சதா தூக்கிக் கொஞ்சாதீர்கள், பிடிபடுவதே அதற்குப் பயம்தான். கூண்டுக்குள் விடிய விடிய விளக்கு எரியவிடாதீர்கள், அதற்கு இருட்டில்தான் தூக்கம். செத்த கோழிகளுக்குப் பதிலாக உடனே புதுக்கோழி வாங்கி விடாதீர்கள், யார் பெரியவள் என்று கொத்துச் சண்டை மூளும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியையும், கோழி நன்றாகத் தேறி இரை எடுக்கத் தொடங்கியபின் போட்டால் போதும்.

பாப்பாவின் பயம்

இதில் நான் கற்றுக்கொண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ராத்திரிக்குப் பிறகு என் பெண் இருட்டில் புழக்கடைக்கு வர மறுத்தாள். "ஒண்ணுமில்லடி, சும்மா பயப்படாதே" என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! செவலையின் பயம் நியாயமென்றால், இவள் பயம் மட்டும் அநியாயமா? புழக்கடையில் ஒரு பல்பு போட்டு, ஸ்விட்சை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தோம். சாயங்காலம் கூண்டைப் பூட்டி இழுத்துப் பார்க்கிற வேலையை அவளிடமே கொடுத்தேன். "நல்லா பூட்டியிருக்குதும்மா" என்று அவள் வந்து சொல்கிற குரலில் நாளுக்கு நாள் தெம்பு ஏறியது.

சம்பவம் நடந்து இருபத்திரண்டாம் நாள் காலை. "ஆயா! செவலை முட்டை வெச்சிருக்குது!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். சின்ன முட்டை. ஓடு சொரசொரவென்று இருந்தது. அத்தை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அடைக்கு ஆகாது. பாப்பாவுக்கு அவிச்சுக் குடு" என்றார். பிறகு மெதுவாக, "அடுத்ததுங்களை எடுத்து வெய்யி. செவலையையே அடை வெச்சுப் பாக்கலாம்" என்றார்.

குழம்புப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை!