கார்புரேட்டரைக் கழற்றும் முன்

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 விதி வந்தபின் புது பைக்குகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால் சித்தூர், திருப்பதித் தெருக்களில் பழைய ஸ்ப்ளெண்டரும் பல்சரும் இன்னும் ஓடுகின்றன. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், ‘கார்புரேட்டர் கிளீன் பண்ணணும்’ என்பதுதான் முதலில் காதில் விழும் பதில். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஆதாரம் கேட்காமல் கழற்றச் சம்மதிப்பது வண்டிக்கும் நல்லதல்ல, பர்சுக்கும் நல்லதல்ல.

ஆதாரம் கிடைப்பது கடினமில்லை. ஓடும் இஞ்சினில் சோக்கை லேசாக இழுத்ததும் ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதாமல் வருகிறது. ஐடில் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது இஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வெடித்து வெளிக்காற்று புகலாம். சோக் இழுத்ததும் திணறி, பிளக்கும் கரி பிடித்திருந்தால் ஏர் ஃபில்டரை முதலில் பார்க்க வேண்டும். திருப்பதியில் அலிபிரி தாண்டி மலையேறும்போது மட்டும் இழுவை குறைகிறதென்றால் கிளட்ச் பிளேட்டின் மீதும் சந்தேகம் வரவேண்டும். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி, கார்புரேட்டரின் அடியிலுள்ள சின்ன வடிகால் ஸ்க்ரூ. இஞ்சின் ஆறியபின், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில் அதைத் தளர்த்தி, வடியும் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வைக்கலாம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனி அடுக்காக நிற்கும். துரு இருந்தால் செம்மண்போலப் படியும். துரு என்றால் அது டேங்கிலிருந்து வருகிறது. டேங்கை விட்டுவிட்டுக் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் சீக்கிரமே மறுபடி அடைக்கும்.

‘சில நூறு ரூபாய்தானே, ஒவ்வொரு சர்வீஸிலும் செய்துவிட்டால் போச்சு’ என்பார்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் கேஸ்கெட் நசுங்குகிறது, ஸ்க்ரூ தலை மழுங்குகிறது. பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகும். பிறகு மைலேஜ் போனது போனதுதான். எத்தனால் கலந்த பெட்ரோலைக் காரணம் காட்டுவோரின் வாதத்தில் பாதி உண்மை உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் கோளாறு வரும், தினமும் ஓடும் வண்டியில் அந்த ஆபத்து குறைவு. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. அதாவது மாற்ற வேண்டியது ரப்பரை. அதைக் கழுவிப் பயனில்லை.

வேலை கெட்டுப்போனால் கையில் காகிதம் வேண்டும். சேவைக்கு ரசீது தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கைகளில் சேர்த்திருக்கிறது. தெருமுனை மெக்கானிக்கிடம் பில் கேட்டால் உறவு கெடும் என்ற தயக்கம் நியாயமானதே; செய்த வேலை, தொகை, தேதி, கையெழுத்துடன் ஒரு துண்டுச்சீட்டு போதும், கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைச் சான்றிதழ்களில் கார்பன் மோனாக்சைடு அளவை ஒப்பிடுவது இன்னும் வலுவான ஆதாரம். 2000 ஏப்ரலுக்குப் பின் வந்த பழைய நான்கு-ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு வரம்பு 3.5 சதவீதம். பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை. வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்பதால், திருப்பதிக்கு வந்த இடத்தில் வண்டியைக் கொடுத்து ஏமாந்த வேலூர்க்காரர் வேலூரிலேயே வழக்குப் போடலாம்.