சிகிச்சைக்கு நின்ற பணம், அடக்கத்துக்கு வந்தது

அரசும் தனியாரும் கைகோத்துப் பணம் போட்டால் ஒடுக்கப்பட்ட மக்களின் உடல்நலம் உயரும் என்கிறார்கள். உயரலாம்தான். ஆனால், அந்தப் பணம் பாதியில் நின்றால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

அங்குள்ள மேக்கன் வட்டாரத்தில் பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுது பிழைத்தவர்கள் கறுப்பின மக்கள். மருத்துவரைப் பார்க்காமலே வாழ்ந்து மடிந்தவர்கள் ஏராளம். சியர்ஸ் நிறுவன அதிபர் ஜூலியஸ் ரோசன்வால்டின் அறக்கட்டளை, கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழும்ப உதவியது. அதே அறக்கட்டளை 1930-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து, மேக்கன் உள்ளிட்ட 6 வட்டாரங்களில் சிபிலிஸ் என்னும் மேகநோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் திட்டத்தைத் தொடங்கியது. மேக்கனில் சோதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நோய் இருந்தது.

அந்த நேரத்தில் பெருமந்தம் வந்தது. பங்கு விலை சரிந்து அறக்கட்டளையின் கை சுருங்கியது. 1932-இல் பணம் நின்றது.

அரசு அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டும். சுகாதாரத் துறை செய்தது வேறு. சிகிச்சை இல்லாமல் விட்டால் கறுப்பின ஆண்களின் உடலில் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்க்கத் தொடங்கியது. 600 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் நோய் கண்டவர்கள் 399 பேர். “உங்களுக்குக் கெட்ட ரத்தம், வைத்தியம் பார்க்கிறோம்” என்றார்கள். ஆய்வுக்காக முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததையும் இலவசச் சிகிச்சை என்றே நம்பவைத்தார்கள். 6 மாதத்துக்கு என்று தொடங்கியது 40 ஆண்டுகள் நீண்டது. 1940-களிலேயே பென்சிலின் நோயைத் தீர்க்கும் மருந்தாகிவிட்டது. அதையும் அவர்களுக்குத் தரவில்லை.

இன்னொரு தனியார் நிதியும் இதில் வந்தது. 1935 முதல் மில்பேங்க் நினைவு நிதியம், இறந்தவர்களின் அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தது. உடலை அறுத்துப் பார்க்கக் குடும்பம் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. உயிரோடு இருந்தபோது மருந்துக்கு இல்லாத பணம், செத்த பிறகு வந்தது.

1972-இல் பத்திரிகைச் செய்தியால் இது அம்பலமானது. ரோசா பார்க்ஸுக்காக வாதாடிய கறுப்பின வழக்கறிஞர் பிரெட் கிரே தொடுத்த வழக்கில், 1974-இல் 1 கோடி டாலர் இழப்பீடு முடிவானது. குடியரசுத் தலைவர் கிளிண்டன் 1997-இல் மன்னிப்புக் கேட்டார். மில்பேங்க் நிதியம் மன்னிப்புக் கேட்க 2022 ஆனது.

ரோசன்வால்ட் அறக்கட்டளையின் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், சிகிச்சை அங்கே உரிமையாக வரவில்லை; கொடையாக வந்தது. கொடுத்தவர் கை மடங்கியதும், ‘நமக்குச் சேர வேண்டியது’ என்று கேட்க அந்த மக்களிடம் சட்டமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

நம் சேரிகளுக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் மருத்துவ முகாம்கள் வருகின்றன. வரட்டும். ஆனால், கிராம சபையில் எழுந்து சில கேள்விகளைக் கேட்போம். எத்தனை ஆண்டுக்குப் பணம்? அவர்கள் போன பிறகு அரசு என்ன செய்யும்? எங்கள் ரத்தத்தை எதற்காக எடுக்கிறீர்கள், முடிவை எங்களிடம் சொல்வீர்களா? திட்டக் குழுவில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? படித்த பிள்ளைகள் கையெழுத்துப் போடும் முன் படிவத்தை ஊராருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். மேக்கனில் அப்படி வாசித்துக் காட்ட யாரும் இல்லை.