அபாய மணியின் மௌனம்

சிறுமலைக்கும் பழனிமலைத் தொடருக்கும் இடையே கிடக்கும் திண்டுக்கல் சமவெளியில் உழவர்க்கு உயிராவது கிணறு. அக்கிணறுகளைப் பற்றிய கணக்கொன்று, 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் தொழில் குறித்து வழங்கிய தீர்ப்பிற் காணப்படுகின்றது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சார்ந்த 13 ஊர்களில் குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசடைந்துவிட்டன என்பதே அது. ஆதலின், ஆலைக் கழிவுநீரைக் காவல்புரியும் கருவியொன்றைப் பற்றி ஈண்டு எழுதுதல் தமிழ் பயில்வோர்க்குப் புறம்பானது என்று நண்பர்கள் கருதார் என நம்புகின்றேன்.

தோலின் மயிர் களையச் சுண்ணாம்பும், பதனிட அமிலமும் குரோமிய உப்பும் பயன்படுகின்றன. முன்னதன் கழிவு காரம் மிக்கது. பின்னதன் கழிவு புளிப்பு மிக்கது. இத்தன்மையை அளக்கும் அளவு பி.எச். எனப்படும். 7 நடுநிலை; அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். ஒரு படி இறங்கின் புளிப்பு பத்து மடங்கு ஏறிற்று என்க. வெளிவிடும் நீர் 5.5-க்கும் 9.0-க்கும் இடையே நிற்றல் வேண்டும் என்பது நம் நாட்டின் பொது விதி. நீரில் அமிழ்ந்த கண்ணாடிக் குமிழொன்று இதனை இடையறாது உணர்ந்து கருவிக்கு அறிவிக்கும். கருவியினுள் ரிலே என்னும் சிறு உறுப்பு உண்டு. அதன் சுருளில் மின்சாரம் ஓடுங்கால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். ஓட்டம் நின்றால் தகடு விடுபடும். அத்தகட்டின் அசைவே மணியை ஒலிப்பிக்கும். வேண்டின் மடையையும் அடைக்கும்.

இதனை அமைக்கும் முறை யாது? விதியின் எல்லை 5.5 எனின், மணியையும் 5.5-லேயே வைப்பது கள்வன் புகுந்தபின் குரைக்கும் நாயை வளர்ப்பதாகும். காவலாள் மடையை அடையும் நேரத்தை எண்ணி, 6.0-இல் வைக்கலாம். ஆயின் நீரின் அளவு 5.99, 6.01 என்று ஊசலாடினால் மணி ஓயாது விட்டுவிட்டு ஒலிக்கும். சலித்தவர் அதன் வாயை அடைத்துவிடுவர். ஆதலின் 6.0-இல் எழுந்த மணி 6.2-க்கு ஏறினாலன்றி அடங்காதபடி ஓர் இடைவெளி விடுவர். குமிழியொன்று கடந்துபோகும் கணத்திற்கு அஞ்சாதிருக்கச் சில விநாடி தாமதமும் வைப்பர். தாமதத்தை மிகுத்தால் நீர் போய்விடும், அது வேறு.

இனி, இவற்றினும் பெரிய வினா ஒன்று உண்டு. நலமாயிருக்கும்போது ரிலே மின்சாரம் பெற்றிருக்க வேண்டுமா, அபாயத்தின்போது பெற வேண்டுமா? பின்னதே இயல்பு எனத் தோன்றும். ஆனால் கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் அத்தகைய ரிலே பேசாது. நம் ஊர்களில் இராக்காவலன் கோலைத் தட்டிக்கொண்டே தெருச் சுற்றும் வழக்கத்தை நினைமின். ஒலி கேட்கும்வரை ஊர் உறங்கும். ஒலி நின்றால் விழிக்கும். அவ்வாறே, நலமாயிருக்குங்கால் சுருள் மின்சாரம் பெற்றுத் தகட்டைப் பற்றியிருக்கச் செய்து, பிடி விட்டால் மணி ஒலிக்குமாறு அமைத்தலே பாதுகாப்பு. மணிக்குத் தனி மின்கலம் வைத்தல் இன்றியமையாதது. குறிப்பு அனுப்பும் மின்னோட்டம் 0-இல் தொடங்காமல் 4 மில்லி ஆம்பியரில் தொடங்கி 20 வரை செல்வதும் இக்கருத்துப் பற்றியே. மிகக் குறைந்த அளவுக்கும் 4 உண்டு. 0 என்றால் கம்பி அறுந்ததென்பதே பொருள்.

இவ்வளவு செய்தும் ஒரு வஞ்சனை எஞ்சும். கண்ணாடிக் குமிழ் விரிசல் கண்டால் கருவி பெரும்பாலும் 7-ஐ ஒட்டியே காட்டும். செத்த குமிழ் மிகத் தூய நீரைக் காட்டுகின்றது! இதனை எந்த ரிலேயும் அறியாது.

இங்கிலாந்தில் பன்ஸ்பீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் நிகழ்ந்ததும் இதனையொத்ததே. 912-ஆம் தொட்டியில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருக்க, மட்டங்காட்டும் கருவி விடியற்காலை 3 மணியளவில் அசையாது நின்றது. அதனை நம்பிய மணிகள் யாவும் வாளாவிருந்தன. தனித்து வைத்த இறுதிக் காவல் விசையும் இயங்கவில்லை. அதன் சோதனைக் கைப்பிடியை உரிய நிலையில் நிறுத்துதற்கு ஒரு பூட்டு வேண்டும். அது பிறர் கைபடாதிருத்தற்கு மட்டுமே என்றெண்ணிப் பூட்டாது விட்டனர். இரண்டரை லட்சம் லிட்டருக்கும் மேல் வழிந்து, 6.01 மணிக்கு வெடித்தது. நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். உயிர்ச்சேதமின்மை, அது ஞாயிற்றுக்கிழமை வைகறையாதலால் நேர்ந்த பேறு. பூட்டுக்குப் பெயர்பெற்று 2019-இல் புவிசார் குறியீடும் எய்திய நம் திண்டுக்கல்லார் இதனைக் கேட்டால் என் சொல்வரோ!

குமிழின் வஞ்சனைக்கு மருந்து எளியது. பி.எச். 4 என்று முன்பே அறியப்பட்ட கரைசலொன்றைக் கிண்ணத்தில் எடுத்து, குமிழை அதனுள் அமிழ்த்த வேண்டும். எண் மாறினால் மட்டும் போதாது. மணி ஒலிக்கின்றதா, மடை அடைபடுகின்றதா என்று இறுதிவரை நோக்கவேண்டும். பின்னர்க் குமிழைக் கழுவி மீண்டும் வாய்க்காலில் இட்டு, நாளையும் அளவையும் ஏட்டிற் குறித்து, அமைப்பை மாற்றும் இரகசிய எண்ணைப் பொறுப்பாளர் ஒருவரிடமே ஒப்புவிப்பர்.