வண்டியின் முன்பக்கம் ‘டொக்’ என்றால்...

சரக்கு வண்டி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். டிரைவர் கல்லாப்பெட்டி அருகே வந்து நின்று, “அண்ணாச்சி, முன்பக்கம் என்னமோ டொக்கு டொக்குன்னு அடிக்குது” என்பார். பட்டறைக்கு அனுப்பினால் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு சத்தமும் இல்லையே” என்று திருப்பி அனுப்புவார். மறுநாள் மண்டிக்குப் போகும்போது மீண்டும் டொக்!

எங்கள் வண்டியில் இந்தச் சத்தம் மூன்று மாதம் விளையாடியது. முதலில் முன்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டையும் மாற்றினோம். பத்து நாள் அமைதியாக இருந்தது, அல்லது அப்படி எங்களுக்குத் தோன்றியது. பிறகு இன்ஜின் மவுண்டிங் என்றார்கள், அதையும் மாற்றினோம். பணம் போனதே தவிர சத்தம் போகவில்லை. பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் அவரிடம் சொன்னது “சத்தம் வருது” என்ற இரண்டே சொற்கள்தான். வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்டால் டாக்டர் என்ன செய்வார்?

விட்டு விட்டு வரும் சத்தம் தானாக வருவதும் போவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் அது வருவதற்கு ஒரு காரணம் இருக்கும். குழியா, திருப்பமா, பிரேக்கா, காலி வண்டியா, லோடு வண்டியா என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. இதைச் செய்யக்கூடியவர் மெக்கானிக் அல்ல, தினமும் ஓட்டும் டிரைவர்தான். பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தை அவரிடம் கொடுத்து ஒரு வாரம் குறித்து வரச் சொல்லுங்கள்.

அதற்கு முன் வண்டியைச் சுத்தமாகக் காலி செய்துவிட வேண்டும். ஜாக்கி, ஸ்பானர் பை, ஸ்டெப்னி, பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப், தார்ப்பாய் கட்டும் கொக்கி எல்லாவற்றையும் பாருங்கள். நண்பர் ஒருவர் வண்டியில் சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய ஐந்து கிலோ எடைக்கல்தான் குழிக்குக் குழி அடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுவே உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போயிருந்தால் சிரிக்க முடியாது.

அடுத்து, உங்கள் வண்டியின் அமைப்பு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். டாடா ஏஸ் போன்ற சின்ன டிரக்குகளில் முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங்தான். ஆம்னி, ஈகோ போன்ற வேன்களில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கும், கீழே ஓர் ஆர்மும் பால் ஜாயின்ட்டும் இருக்கும். இரண்டிலும் சத்தம் பிறக்கும் இடங்கள் வேறு வேறு.

குழியில் இறங்கும்போது மட்டும் சத்தம் என்றால், ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதா, இரண்டு சக்கரமும் சேர்ந்து வேகத்தடையில் ஏறும்போதா என்று கவனிக்க வேண்டும். ஒரு சக்கரம் இறங்கும்போது மட்டும் அடித்து, இரண்டும் சேர்ந்து ஏறும்போது அடங்கிவிட்டால், ஸ்டெபிலைசர் பார் உள்ள வண்டியில் அதன் லிங்க், புஷ் மேல்தான் முதல் சந்தேகம். அந்தக் கம்பி ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் முறுக்கிக்கொள்ளும்.

பிரேக் போடும்போது ஒரே ஒரு டொக், பிறகு ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போட்டால் மறுபடி ஒரு டொக் என்றால் பிரேக் பேடு அல்லது காலிப்பர் தளர்ந்து முன்னும் பின்னும் நகர்கிறது. கீழ் ஆர்மின் புஷ் கிழிந்திருந்தாலும் இப்படித்தான் கேட்கும். வண்டி நின்றபடியே ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ‘டங்’ என்று துள்ளினால், ஸ்ட்ரட் வண்டியில் மேல் மவுண்டிங்கைப் பாருங்கள். ஒருவர் ஒடிக்கும்போது இன்னொருவர் சுருள் ஸ்பிரிங்கின் மேல் கை வைத்தால் அந்தத் துள்ளல் கையிலேயே தெரியும். விரல் நசுங்காமல் பார்த்துக்கொள்ளவும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். டிரைவர் எழுதிக்கொண்டு வந்த தாளில் ஒரு வாரத்தில் ஒன்பது இடத்தில் சத்தம் குறித்திருந்தார். ஒன்பதும் காலையில் விருதுநகர் மண்டிக்குப் போகும் வழியில். பருப்பு மூட்டை ஏற்றித் திரும்பும்போது ஒன்றுகூட இல்லை. நாங்களோ மூன்று மாதமும் வண்டியைக் காட்டியது மண்டிக்குப் பக்கத்துப் பட்டறையில், லோடு ஏற்றிய பிறகு! லோடு அழுத்தும்போது பட்டை இறுகி நிற்கிறது. காலியாக ஓடும்போது ஷாக்கிள் பின், தேய்ந்த புஷ்ஷுக்குள் மேலும் கீழும் குதிக்கிறது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தபோது சத்தம் வராததற்கு இதுதான் காரணம். மறுநாள் காலி வண்டியாகவே அனுப்பினோம். ஷாக்கிளுக்கு அருகே கடப்பாறை கொடுத்து நெம்பிய அடுத்த நிமிடமே ஆட்டம் தெரிந்துவிட்டது. புஷ்ஷின் விலை, நாங்கள் வீணாக மாற்றிய ஷாக் அப்சர்பர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்தப் புஷ்ஷுக்காக அல்ல. வண்டி பட்டறையில் நின்ற நேரத்தில் மெக்கானிக் ஒரு சோதனை செய்தார். சக்கரங்கள் தரையிலேயே இருக்க, டிரைவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லிவிட்டு, தான் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். இடது பக்க டை ராடு எண்டில் ரப்பர் உறை கிழிந்து, மண் புகுந்து, மூட்டு உள்ளுக்குள் லொடலொடத்துக் கிடந்தது. அது ஒரு சத்தமும் போடவில்லை. அது கழன்றால் அந்தப் பக்கத்துச் சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது. எதிரே லாரி வரும் ரோட்டில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வண்டியில் தினமும் போவது நம் கடைப் பையன்கள்.

ஆகவே எந்தச் சத்தத்துக்காகப் பட்டறைக்குப் போனாலும், சத்தம் எதனால் என்று தெரிந்த பிறகும், இந்த ஸ்டியரிங் சோதனையையும் சக்கரச் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சக்கரச் சோதனை இதுதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் ஹப் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின், அல்லது ஸ்ட்ரட் வண்டியில் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் என்றால் “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. அது பிடுங்கிக்கொண்டால் சக்கரம் மடங்கி வண்டி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் வண்டிக்கு அடியில் போக விடாதீர்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால் கனமான மரக்கட்டைகளாவது கொடுக்க வேண்டும்.

லோடு விஷயத்தில் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முக்கால் டன் வண்டியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் 30 ஏற்றலாம். “ஒரே நடையில முடிச்சிடு” என்று 50 ஏற்றினால் ஒன்றேகால் டன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அபராதம் கட்டாமல் தப்பினாலும் புஷ்ஷும் பின்னும் பேரிங்கும் தப்புவதில்லை.

பட்டறையில் வேலை நடக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ரப்பர் புஷ் மாற்றினால், அதன் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுதாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இறங்கி, வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் புது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டை வேலை செய்திருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கள் பழைய ஷாக் அப்சர்பர் இரண்டும் இன்னும் குடோனில் கிடக்கின்றன. கையால் அழுத்திப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கின்றன.