கதை எழுத நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு நாகூரில் ஒரு முன்மாதிரி

1938 ஆம் ஆண்டு நாகூர்ப் பெண் ஒருவரின் நாவல் வெளிவந்தது. பெயர் 'காதலா? கடமையா?'. எழுதிய சித்தி ஜுனைதா பேகத்துக்கு அப்போது 21 வயது இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே. அந்த நாவலைப் பாராட்டி எழுதியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாத ஐயர். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று இலக்கிய வரலாற்றில் இன்று குறிப்பிடப்படும் அவர், 1998 இல் மறையும் வரை நாகூர்க்காரராகவே அறியப்பட்டார்.

எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. இன்று நம் பெண் பிள்ளைகள் பட்ட மேற்படிப்பு முடிக்கிறார்கள். கையில் போன் இருக்கிறது, அதில் தமிழில் தட்டச்சு செய்யலாம், பேசினாலே எழுத்தாக மாறும் வசதியும் உண்டு. ஆனாலும் வீட்டில் ஒரு பிள்ளை "நான் கதை எழுதப் போறேன்" என்று சொன்னால் முதலில் வருவது சிரிப்பு, அடுத்து "அது பொய்தானே, கூடுமா?" என்ற கேள்வி.

அந்தக் கேள்வியை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. மார்க்கப் பற்றுள்ள பிள்ளைதான் அதற்குப் பதில் தெரியாமல் பேனாவை மூடி வைக்கிறது. பொய் என்பது கேட்பவரை நம்ப வைத்து ஏமாற்றுவது. 'சிறுகதை' என்று தலைப்பிலேயே போட்டுத் தருவதை யாரும் நடந்த செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. ஹரீரியின் 'மகாமாத்' கற்பனைப் பாத்திரங்களின் கதைதான். பல நூற்றாண்டுகளாக மதரஸாக்களில் அரபு இலக்கியப் பாடமாக அதை ஓதி வருகிறார்கள். ஆளில்லாத் தீவில் தனியாக வளரும் ஒருவன் சிந்தித்தே இறைவனை அறிவதாக இப்னு துஃபைல் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ளான்' 12 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பிறந்தது. திருக்குர்ஆனில் வரும் யூசுஃப் நபியின் வரலாறு கற்பனை அல்ல, உண்மை. ஆனால் ஒரு வாழ்க்கையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லிக் கேட்பவர் மனத்தை அசைக்கும் முறை எவ்வளவு வலிமையானது என்பதை அங்கே பார்க்கிறோம். எதை எழுதுகிறோம், அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் கூடும், கூடாது என்ற பேச்சே வர வேண்டும். ஐயம் இருந்தால் கதையை ஊர் ஆலிம் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பலர் நாம் நினைப்பதை விட நல்ல வாசகர்கள்.

தமிழ் நாவலுக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதல்ல. முதல் தமிழ் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 இல் வந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை நம் காவிரிக்கரை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ஆறே ஆண்டுகளில், 1885 இல், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். தமிழ் நாவலின் தொடக்க வரிசையிலேயே ஒரு முஸ்லிம் இருக்கிறார்.

ஆனால் தஞ்சை மண்ணின் கதை என்றதும் வாசகருக்கு என்ன நினைவு வருகிறது? தி.ஜானகிராமனின் கும்பகோணம், அக்ரஹாரம், சங்கீதம், காவிரிப் படித்துறை. அருமையான எழுத்து, அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ராஜகிரியும் பண்டாரவாடையும், கூத்தாநல்லூரும் முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் அந்த அளவுக்குக் கதையில் வரவில்லை. நாகூருக்கு ஆபிதீன், நாகூர் ரூமி போன்றவர்கள் கிடைத்தார்கள். மற்ற ஊர்களின் வாழ்க்கை பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஒரு ஜனாஸா நடக்கும்போது அந்த வீட்டின் கதைகளில் பாதி சேர்ந்தே போய்விடுகிறது. மலேயாவுக்குக் கப்பலேறியவர்களை நேரில் கண்டவர்கள் இன்று எத்தனை பேர்?

எனவே முதல் வேலை எழுதுவது அல்ல, கேட்பது. பாட்டியிடம் "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் "கஷ்டந்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "சபர்ல இருந்த வாப்பாவுக்கு கேசட்ல பேசி அனுப்புவீங்களாமே, பக்கத்துல யார் இருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மாமியார் அறைக்குள் வந்ததும் பேச்சு மாறியதும், அவர் போன பிறகு மீண்டும் பட்டனை அமுக்கியதும் வெளியே வரும். "வெளிநாட்டுக்காரர் மனைவியின் வாழ்க்கை துயரமானது" என்று எழுதினால் அது கட்டுரை. அந்த டேப் ரெக்கார்டரை அவர் நிறுத்திய இடம்தான் கதை.

கதைக்கு அடிப்படையாக வேண்டியது இவ்வளவே: ஒருவருக்கு ஒன்று வேண்டும், எதுவோ தடுக்கிறது. நம் ஊர் வயலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம். சம்பா அறுத்ததும் அண்ணன் தன் தங்கை வீட்டுக்கு ஆண்டுதோறும் இரண்டு மூட்டை நெல் அனுப்புகிறார். ஊரே மெச்சுகிறது. ஓர் ஆண்டு தங்கை, "நெல் இருக்கட்டும், அத்தா பேர்ல இருக்குற நிலத்தோட சிட்டா நகல் ஒண்ணு வேணும்" என்று கேட்டு அனுப்புகிறாள். இனிக் கதை தானாக நடக்கும். பெண்ணுக்குரிய பங்கைக் கொடுப்பது கடமை என்று இந்தக் கதையில் ஒரு வரி கூட எழுத வேண்டாம். பயான் மேடை அதற்கு இருக்கிறது. அந்த இரண்டு மூட்டை நெல்லை இறக்கி வைக்கும் ஆள் எந்த முகத்தோடு நின்றான் என்று எழுதினால் போதும், படிக்கும் அண்ணன்மாருக்குப் புரியும். நம்மவர்கள் எழுதும் கதைகளில் நாம் அதிகம் காணும் குறை இதுதான்: கடைசிப் பத்தியில் எல்லாரும் திருந்திவிடுகிறார்கள்.

அடுத்தது மொழி. ஒரே வட்டாரத்தில் ஒரு வீட்டில் அத்தா, இன்னொரு வீட்டில் வாப்பா. குழம்பை ஆணம் என்போம், காலை உணவைப் பசியாறுதல் என்போம், விருந்தில் ஒரே சஹனில் கூடி உட்காருவோம். பள்ளித் தமிழில் இவற்றுக்கு இடமில்லை என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். தோப்பில் முஹம்மது மீரானைப் பாருங்கள். பள்ளியில் மலையாளம் வழியாகப் படித்த அவர், தேங்காப்பட்டணத்துப் பேச்சை அப்படியே வைத்து 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எழுதினார். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988 இல் நூலானது. பின்னர் 'சாய்வு நாற்காலி'க்காக 1997 இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். பேச்சு வழக்கு அவருக்குத் தடையாக இருக்கவில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை: உரையாடலில் வட்டார வழக்கு இருக்கட்டும், விவரிப்பைத் தெளிவான தமிழில் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

நம் வீடுகளில் உள்ள உண்மையான சங்கடம் வேறு. "ஊர் என்ன சொல்லும்?" சிறிய ஊரில் ஒரு கதை வந்தால் இது யார் வீட்டு விஷயம் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். இதில் புறம் பேசுதல் என்ற பாவமும் சேர்கிறது, எனவே லேசாக எடுக்க முடியாது. ஒருவர் நம்பிச் சொன்ன ரகசியத்தைப் பெயரை மட்டும் மாற்றி எழுதுவது அமானிதத்தை மீறுவதே. இரண்டு மூன்று பேரின் வாழ்க்கையைச் சேர்த்து ஓர் ஆளை உருவாக்குங்கள். தொழிலை, குடும்ப அமைப்பை, நடக்கும் ஆண்டை மாற்றுங்கள். கோபத்தில் யாரையோ பழி தீர்க்க எழுதிய பக்கத்தை இரண்டு வாரம் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி படியுங்கள், பெரும்பாலும் கிழிக்கத் தோன்றும். அதே நேரம், தவறு நடக்கும் இடத்தைச் சொல்லவே கூடாது என்று வீட்டார் வாயை அடைப்பதும் சரியல்ல. துவரங்குறிச்சி சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004 இல் வந்தது. அதில் உடன்படாதவர்கள் உண்டு. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் பலர் யோசித்தார்கள்.

சோறு போடுமா என்றால், போடாது. தோப்பில் மீரான் மிளகாய் வற்றல் வியாபாரி. கும்பகோணத்து எம்.வி.வெங்கட்ராம் ஜரிகை வியாபாரம் செய்தவர், தி.ஜானகிராமன் வானொலியில் வேலை பார்த்தார். படிப்பையும் தொழிலையும் விடச் சொல்லி நாம் யாரையும் தூண்டவில்லை. ஃபஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். ஒரு நாளைக்கு 200 சொற்கள் எழுதினால் பத்து நாளில் ஒரு சிறுகதை ஆகிவிடும். நாவலில் தொடங்க வேண்டாம். முதலில் ஐந்து சிறுகதைகளை முடித்துவிடுங்கள், சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, முடித்திருக்க வேண்டும். முடித்ததை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

இதழுக்கு அனுப்பும்போது யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பாக அனுப்புங்கள், கையெழுத்துப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அந்த இதழின் இரண்டு மூன்று பழைய பிரதிகளையாவது படித்துவிட்டு அனுப்புவது மரியாதை. ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு அனுப்பக் கூடாது. பணம் கொடுத்தால் புத்தகம் போட்டுத் தருவோம் என்று அழைப்பவர்களிடம் எத்தனை பிரதி, யார் விற்பது, உரிமை யாரிடம் என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியச் சட்டப்படி எழுதியவருக்கு வாழ்நாள் முழுதும், அதன்பின் வாரிசுகளுக்கு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. பெயர் அச்சில் வரும் ஆசையில் அதை எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எழுதியதைக் கேட்காமல் எடுத்துப் படிக்காதீர்கள். காட்டினால் முழுதும் படியுங்கள், எழுத்துப்பிழையில் தொடங்காதீர்கள். "இந்த லாத்தா அப்புறம் என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள்.

இதழ்களிலிருந்து பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம். சில இதழ்கள் பதிலே போடுவதில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒரு முறை பணிவாக மின்னஞ்சலில் விசாரியுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், கதையை இன்னொரு முறை திருத்தி வேறு இதழுக்கு அனுப்பலாம்.